வாசகர் கேள்வி – பதில்: குண்டடி படாமலே நின்ற டாங்கிகள்

கேள்வி: ரெண்டாம் உலகப் போர் முடியற சமயத்துல ஜெர்மன்காரங்க பான்தர் டாங்கிகளை வழியிலயே விட்டுப்போட்டுப் போனாங்கன்னு படிச்சேனுங்க. அப்படி என்னங்க கோளாறு?
– கியர் பட்டறைத் தொழிலாளி, கணபதி, கோவை

பதில்: உங்கள் தொழிலில்தான் கோளாறே. 30 டன்னை ஒட்டித் திட்டமிட்ட பான்தர், தகடு தடித்துத் தடித்து 45 டன்னில் வந்து நின்றது. 700 குதிரைத்திறன் மேபாக் இன்ஜினின் இழுவை முழுவதும் சங்கிலித்தடத்தை இழுக்கும் முன்பக்கப் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டுக்குப் போவது, ஃபைனல் டிரைவ் என்ற கடைசி கியர் தொகுதி வழியாக. அங்கே பாரத்தைப் பல கியர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் பிளானட்டரி கியர் வந்திருக்க வேண்டும். அதற்குத் தேவையான உட்பல் வெட்டும் இயந்திரங்களுக்குத் தட்டுப்பாடு; நேர்ப்பல் ஸ்பர் கியரையே மாட்டிவிட்டார்கள். நேர்ப்பல்லில் பாரம் ஒன்றிரண்டு பற்களிலேயே விழும், வண்டி நின்ற இடத்தில் திரும்பும்போது இன்னும் மோசம். சரக்கு ஆட்டோ டிஃபரன்ஷியலைத் திருச்செங்கோட்டு போர்வெல் லாரிக்கு மாட்டியது மாதிரிதான். போருக்குப் பின் பான்தரை ஓட்டிப் பார்த்த பிரெஞ்சு ராணுவம், ஃபைனல் டிரைவின் சராசரி ஆயுள் 150 கி.மீ. என்று எழுதிவைத்தது!

அமெரிக்க ஷெர்மன் டாங்கியில் அதே இடத்தில் வி வடிவத்தில் சாய்பல் வெட்டிய ஹெர்ரிங்போன் கியர். எடையும் 30 டன்னுக்குச் சற்று மேலேதான். மூக்குப்பகுதி போல்ட்டுகளைக் கழற்றினால் டிரான்ஸ்மிஷன் முன்பக்கமாகவே வெளியே வந்துவிடும். பான்தரிலோ டிரைவர் தலைக்கு மேலுள்ள தகட்டை எடுத்துவிட்டு, கிரேன் வைத்துத் தூக்க வேண்டும். பின்வாங்கும் படைக்குக் கிரேன் எங்கே கிடைக்கும்? ஒன்றன்மேல் ஒன்று படிந்த சக்கர வரிசை வேறு. உள்சக்கரம் ஒன்று போனால் வெளிச்சக்கரங்கள் பலவற்றைக் கழற்றியாக வேண்டும்.

கேள்வி: பெட்ரோல் தீர்ந்துதான் தோத்தாங்கன்னு சொல்றாங்களே, நெசமாங்க?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: பாதி நிஜம். 1944 மே முதல் செயற்கை எரிபொருள் ஆலைகள் மீது குண்டு விழுந்தது; ஆகஸ்டில் ருமேனியாவின் புளோயெஷ்தி எண்ணெயும் கைவிட்டுப் போயிற்று. ஏறக்குறைய 70 டன் எடையுள்ள ஜெர்மன் கனரக டாங்கியான கிங் டைகருக்கு 860 லிட்டர் நிரப்பினாலும் நல்ல சாலையில் 170 கி.மீ.தான். 1944 டிசம்பரில் ஜெர்மனி நடத்திய ஆர்டென் தாக்குதலில், பைப்பர் என்ற அதிகாரியின் எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் ஆயுதப் பிரிவு) படை பெல்ஜியத்தின் லா கிளேஸ் கிராமத்தில் சுற்றிவளைக்கப்பட்டது. எரிபொருளும் தீர்ந்துபோக, டிசம்பர் 24 அதிகாலை வண்டிகளையெல்லாம் விட்டுவிட்டுச் சுமார் 800 பேர் நடந்தே தப்பினார்கள். அதில் ஒரு கிங் டைகர் இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. பலர் கவனிக்காத ஒன்று: பெட்ரோல் இல்லாததால் புது டிரைவர்களுக்குப் பயிற்சி குறைந்தது. கைபழகாத டிரைவர் கையில் அந்த கியர் என்ன பாடுபட்டிருக்கும்!

கேள்வி: ரஷ்ய டாங்கிக மேல கம்பிவலை கட்டியிருந்தாங்களே, எதுக்குங்க?
– மாணவர், பவானி

பதில்: பெர்லின் தெருக்களில் பான்சர்ஃபாஸ்ட்டுக்கு, அதாவது ஜெர்மன் வீரர் ஒருவரே கையில் ஏந்திச் சுடும் டாங்கி எதிர்ப்பு ஆயுதத்துக்குப் பயந்து. அதன் 60 ரகம் 60 மீட்டரிலிருந்து 200 மி.மீ. எஃகைத் துளைக்கும், ரஷ்ய டி-34-85 டாங்கியின் உடல் பக்கத்தகடோ 45 மி.மீ. ஒரு ஜாண் தள்ளி வலை கட்டி அதைத் தடுப்பது கடினம். காலாட்படை முன்னே போய் ஜன்னல்களையும் நிலவறைகளையும் காலிசெய்ததுதான் நிஜமான காப்பு. ரஷ்யக் கனரக டாங்கியான ஐ.எஸ்-2இன் 122 மி.மீ. பீரங்கி, எதிரி பதுங்கிய இடத்தைச் சுவரோடு இடித்துவிடும். ஆனால் குண்டும் மருந்தும் தனித்தனி, நிமிடத்துக்கு இரண்டு மூன்று வேட்டு, உள்ளே இருப்பதே 28 குண்டுகள்தான்.