பட்டறை பதில்கள்: மங்கிய ஹெட்லைட்டும் பழைய ஒயரிங்கும்

கேள்வி: ஐயா, வணக்கம். அப்பா வைத்திருந்த 1972 மாடல் அம்பாசிடர் மார்க் 2, ஒன்பது வருஷம் ஷெட்டிலேயே நின்றது. இப்போது ஓடுகிறது. ஆனால் ராத்திரியில் ஹெட்லைட் அரிக்கேன் விளக்கு மாதிரி மஞ்சளாக எரிகிறது. பிரைட் போட்டால் இன்ஜினும் லேசாக விக்குகிறது. ‘மொத்த ஒயரிங்கையும் மாற்றி 100 வாட் பல்ப் போட்டுவிடலாம்’ என்கிறார் மெக்கானிக். நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவன். நானே செய்யலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: ஐ.டி.ஐ. படித்தவர் என்றால் தாராளமாகச் செய்யலாம் தம்பி. ஆனால் 100 வாட் பல்ப் வேண்டவே வேண்டாம். அப்புறம், ஒயரைத் தொடுவதற்கு முன்னால் எர்த்தை, அதாவது கரன்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழியைப் பாருங்கள்.

பல்ப் கணக்கு இதுதான். அந்தக் காலத்து லூகாஸ் டைனமோ நல்ல வேகத்தில் சுற்றினாலும் 22 ஆம்பியர்தான் தரும். இரண்டு 100 வாட் பல்ப் மட்டுமே 17 ஆம்பியர் கிட்டத்தட்ட இழுத்துவிடும். பிளக்குக்குத் தீப்பொறி தரும் காயிலுக்கு மூன்று நான்கு, டெயில் லைட், வைப்பர் என்று சேர்த்தால் மீதிக்குப் பேட்டரியைத்தான் சுரண்ட வேண்டும். சந்தைக் கூட்டத்தில் ஊர்ந்து போகும்போது டைனமோ சார்ஜே ஏற்றாது. பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55 வாட்டைத் தாண்டாதீர்கள்.

உங்கள் வெளிச்சம் பல்பில் குறையவில்லை, வரும் வழியில் குறைகிறது. பல்புக்குப் போகும் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறைந்துவிடும். மல்டிமீட்டரை எடுங்கள். பிரைட் எரியும்போது ஒரு முனையைப் பேட்டரியின் லைவிலும் இன்னொன்றைப் பல்ப் ஹோல்டரின் லைவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. ஒன்றரை, இரண்டு காட்டினால் ஸ்விட்சும் ஒயரும் அதைத் தின்கின்றன. அதேபோல ஹோல்டரின் எர்த்துக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவே அளந்து பாருங்கள். அங்கே 0.2-க்கு மேல் போகக் கூடாது.

இன்ஜின் விக்குவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. அதையும் பாடியையும் மின்சாரத்துக்குச் சேர்ப்பது ஒரு பின்னல் பட்டைதான். அது அறுந்திருந்தால் கரன்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகக் கூட ஓடும். செல்ஃப் அடித்ததும் அந்தக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் பட்டை போய்விட்டது. என்னிடம் வந்த வண்டிகளில் பாதிக்கு நான் செய்தது, அந்தப் பட்டையைக் கழற்றி, தகட்டில் பெயின்டைச் சுரண்டி வெள்ளையாக்கி, புது பட்டை வைத்து இறுக்கியதுதான். வண்டிக்காரர்கள் நம்பவே மாட்டார்கள்.

சரி, எர்த்தெல்லாம் சுத்தம், அப்படியும் மங்கல் என்றால் ஒயரிங்குக்கு வருவோம். பேட்டரியைக் கழற்றும்போது பாடியில் போகும் முனையை முதலில் கழற்றுங்கள். லைவ் முனையை முதலில் தொட்டால், ஸ்பேனர் பாடியில் பட்டதும் தீப்பொறிதான். பாடிக்குப் போவது பாசிட்டிவா நெகட்டிவா என்றும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் ஏற்பாட்டில் பல வண்டிகள் பாசிட்டிவ் எர்த்.

ஒயர்க் கட்டைப் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு முனைக்கும் ஒரு சீட்டு கட்டுங்கள். வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் எல்லா ஒயரும் ஒரே மண் நிறமாகத் தெரியும். ஆனால் நடுவில் டேப்பைக் கீறிப் பாருங்கள், உள்ளே பழைய நிறம் அப்படியே இருக்கும். பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து எப்போதும் லைவ். வெள்ளை, சாவி போட்டதும் காயிலுக்குப் போவது. பச்சை, சாவிக்குப் பின் ஃபியூஸ் தாண்டியது. நீலம் ஹெட்லைட்: நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், சிவப்புக் கோடு டிம். சிவப்பு, பார்க்கிங் லைட்டும் டெயிலும். கறுப்பு எர்த். இந்த நிறக்கணக்கு தெரிந்தால் எந்த லூகாஸ் வண்டியையும் படித்துவிடலாம். மதுரை டி.வி.எஸ்.ஸும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். இருந்ததால், நம் ஊர்ப் பட்டறைகளில் இந்த நிறங்களைப் பையன்கள் வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள். நானும் அப்படித்தான் படித்தேன்.

எந்த ஒயரை மாற்றுவது? முனையைச் சீவிக் கம்பியைப் பாருங்கள். செம்பு பளபளப்பாக இருந்தால் விட்டுவிடலாம். கறுத்திருந்தால் இன்னும் ஒரு சாண் சீவுங்கள். அங்கேயும் கறுப்பு என்றால் அந்த ஒயர் முழுதும் போய்விட்டது, அதில் ஈயம் கூட ஒட்டாது. ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டி, சோதித்து, அடுத்ததற்குப் போங்கள். வீட்டு ஒயரின் ஒற்றைக் கம்பி அதிர்வில் ஒடியும், பல இழை ஆட்டோ ஒயர்தான் வேண்டும். ஹெட்லைட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் போதும்.

அப்புறம் ரிலே, அதாவது ஸ்விட்சிலிருந்து வரும் சின்னக் கரன்டை வைத்துப் பெரிய கரன்டைத் திறந்து மூடும் டப்பா. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். பல வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசி ராத்திரி, கொடைக்கானல் கல்யாணத்துக்குப் போய்விட்டு ஒரு மார்க் 2-வில் இறங்கிக்கொண்டிருந்தோம். பெருமாள்மலைக்குக் கீழே, மழையில், இரண்டு லைட்டும் ஒரே நேரத்தில் அணைந்தன. டிரைவர் மலைப் பக்கம் ஒடித்து நிறுத்தினார். தரையில் காலால் மிதிக்கும் டிம்-பிரைட் ஸ்விட்சில் மேட்டுத் தண்ணீர் இறங்கி, உள்ளே தகடு கருகியிருந்தது. தீக்குச்சி வெளிச்சத்தில் முழு நீல ஒயரையும் சிவப்புக் கோடு ஒயரையும் நேராக முறுக்கி, டிம்மிலேயே வத்தலக்குண்டு வந்து சேர்ந்தோம். பின்சீட்டில் கைக்குழந்தை இருந்தது. ஹெட்லைட்டின் முழு கரன்டும் அந்தச் சின்ன ஸ்விட்ச் வழியாகப் போவதால் வந்த வினை அது. பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று ரிலே வையுங்கள். ரிலேயின் முனைகளில் எண் இருக்கும்: பழைய கோட்டு நீலங்கள் 86-க்கு, 85 எர்த்துக்கு, பேட்டரி லைன் 30-க்கு, 87-லிருந்து பல்புக்கு. ஸ்விட்சில் கால் ஆம்பியர் கூட ஓடாது.

அந்த லூகாஸ் ஏற்பாட்டில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. 87-க்குப் பின் இடது, வலது விளக்குக்குத் தனித்தனியாக 10 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். ஒன்று போனாலும் இன்னொன்று எரியும்.

கேள்வி: பாசிட்டிவ் எர்த் வண்டியில் எல்.இ.டி. ஹெட்லைட் பல்ப் போடலாமா?
– வாசகி, மேலூர்

பதில்: சாதாரண எல்.இ.டி. அதில் எரியாதம்மா, முனை மாறிவிடும். நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினாலும், இழை பல்புக்குச் செய்த கிண்ணத்தில் அதன் வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். போடாதீர்கள்.

கேள்வி: புது ஒயரிங் போட்டு ஒரே மாதத்தில் எலி கடித்துவிட்டது. என்ன செய்வது?
– வாசகர், சோழவந்தான்

பதில்: நெல் மூட்டைப் பக்கத்தில் வண்டியை நிறுத்துகிறீர்களா? முதலில் மூட்டையை நகர்த்துங்கள். ஒயருக்கு வளையம் வளையமான பிளாஸ்டிக் ஸ்லீவ் போடுங்கள். வாரம் ஒருமுறை இன்ஜினை ஓட்டி, பானெட்டைத் திறந்து, கந்தல் துணி, வைக்கோல் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கூடு கட்ட இடம் கிடைக்காவிட்டால் எலி அங்கே தங்காது.