தறிச் சத்தத்தில் தன் இசை: கேள்வி பதில்

எந்த ஓசையையும் இசையாக்கிப் பார்க்கும் சோதனை இசையில் இறங்கியிருக்கும் சேலம் வட்டாரத்து அன்பர்களின் கேள்விகள் இவை. முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர் அல்லது பகுதி. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் சிலவற்றுக்குப் பதில் ஒரு வரிதான்.

அஸ்தம்பட்டி: எட்டு வருசம் வயலின் படித்தேன். இப்போது உராய்வு, இரைச்சல் என்று போகிறேன். பாட்டு டீச்சர் "இது இசையே இல்லை" என்கிறார். எனக்கென்று ஓர் அடையாளம் எப்படி வரும்?

படித்ததைக் கழற்றிப் போடாதீர்கள். தம்பூராவில் தந்திக்கு அடியில் செருகும் ஜீவா நூலை மயிரிழை நகர்த்தினாலே, சுருதியோடு சேர்ந்து மேலே ஒலிக்கும் மேலொலிகள் மாறிவிடும். அந்த மாற்றத்தைக் கேட்கத் தெரிந்த காது உங்களிடம் இருக்கிறது. இனி ஒரே பொருள், ஒரே முறை என்று கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். உதாரணமாக, ஒரு தந்தி மட்டும். வில்லைக் குதிரையை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டை) ஒட்டி இழுப்பது மட்டும். ஐந்து நிமிடத்துக்கு மிகாமல் இருபது உருப்படிகளை முடியுங்கள். முடிப்பது முக்கியம், பாதியில் நிற்கும் பதிவுகள் உங்களைப் பற்றி எதுவும் சொல்லாது.

பிறகு இருபதையும் ஒரே மூச்சில் கேளுங்கள். முதல் ஓசை எப்போது வருகிறது, மௌனம் எவ்வளவு நீளம், ஓசை அடர்த்தியா தனித்தனியா, எப்படி நிற்கிறது என்று நான்கையும் குறியுங்கள். நினைக்காமலே திரும்பத் திரும்ப வருவதுதான் உங்கள் கையெழுத்து. அடுத்த உருப்படியில் அதை வேண்டுமென்றே விலக்கிப் பாருங்கள். உருப்படி சரிந்தால் அது உங்களுடையது. சரியாமல் நின்றால் அது வெறும் பழக்கம்.

ஓமலூர்: என்ன சாஃப்ட்வேர் வாங்கலாம்?

ஆடாசிட்டி. இலவசம்.

செவ்வாய்ப்பேட்டை: கொலுசுப் பட்டறை மேசையில் பீசோ (அதிர்வை மின்சாரமாக மாற்றும் சிறு வட்ட வில்லை) ஒட்டிப் பதிந்தேன். கீச்சென்றுதான் வருகிறது, அடித்தொனியே இல்லை.

பீசோவில் குறையில்லை, செருகிய இடம்தான் தவறு. 27 மி.மீ. வில்லையின் மின்தேக்குத்திறன் சுமார் 20 நானோஃபாரட். 10 கிலோ ஓம் மின்தடையுள்ள உள்ளீட்டில் செருகினால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓசை படிப்படியாகத் தேய்ந்துபோகும். 1 மெகா ஓம் என்றால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியில்) கிட்டாருக்கான உள்ளீட்டைப் பயன்படுத்துங்கள். அது இல்லையென்றால் ஒரு ஜேஃபெட் பஃபர் (பீசோவுக்கும் உள்ளீட்டுக்கும் நடுவே வைக்கும் சிறு டிரான்சிஸ்டர் சுற்று) கட்டுங்கள். ஷீல்டு வயர்தான் வேண்டும்: வலை பித்தளைப் பக்கம், நடுக்கம்பி வெள்ளைப் பக்கம். சால்டரிங் அயர்ன் வெள்ளைப் பக்கத்தில் இரண்டு நொடிக்கு மேல் நின்றால் பூச்சு உரிந்துவிடும். ஃபாண்டம் பவரை (மைக்குக்கு இன்டர்ஃபேஸ் அனுப்பும் மின்சாரத்தை) அணைத்து வையுங்கள். பட்டறையில் காதடைப்பான் போடுங்கள்.

குகை: முப்பது வருசம் விசைத்தறி ஓட்டி எங்க அப்பாவுக்குக் காது மந்தமாயிடுச்சு. அந்தச் சத்தம் உங்களுக்கெல்லாம் கலையா?

இங்கே வந்ததிலேயே முக்கியமான கேள்வி இதுதான். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது பரிந்துரைக்கப்படும் வரம்பு. 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் தறிக்கூடத்தில் மைக் நீட்டுபவர் சத்தத்தை அழகுப் பொருளாக எடுத்துப்போகிறார், அவ்வளவுதான்.

சூரமங்கலம் (குகைக்கு மறுப்பு): ஓசை யாருக்கும் சொந்தமில்லை. பிரெஞ்சு இசையமைப்பாளர் பியேர் ஷேஃபர் 1948-ல் பாரிசில் ரயில் எஞ்சின் ஓசையைப் பதிந்து இசையாக்கவில்லையா?

ஷேஃபர் ஓசையை அதன் மூலத்திலிருந்து பிரித்துக் கேட்கச் சொன்னவர். அது ஒரு வழி. நம் ஊர்த் தறிக்கு அதை நான் ஏற்கவில்லை. இங்கே மூலம் பக்கத்துத் தெருவில் உட்கார்ந்திருக்கிறது. அனுமதி கேளுங்கள், பதிந்ததைப் போட்டுக் காட்டுங்கள். தறியின் இரண்டு ஓரங்களிலும் நிற்காதீர்கள். நாடா (ஊடுநூலைச் சுமந்து ஓடும் கட்டை) தெறித்தால் அந்தப் பக்கம்தான் வரும்.

குகை (மறுபடி): அப்பா நாடா அடிக்கிற சத்தத்தை வச்சே தறியில என்ன கோளாறுன்னு சொல்லிடுவார்.

அப்படியானால் பதிவுக்கு முதல் கேட்பவர் அவர்தான். அவர் சொல்வதையும் பதியுங்கள். இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் தொடங்கும். பன்னிரண்டு நிமிடப் பதிவில் அந்த இடத்தை ஈக்வலைசரில் நிமிடத்துக்கு 3 டெசிபல் வீதம் இறக்கிக்கொண்டே வாருங்கள், பள்ளத்தை இருபுறமும் அகட்டுங்கள். அவர் காதில் எது தொலைந்தது என்று கேட்பவருக்கு விளங்கும். தம் இசைக்கு நோக்கம் தேடுகிறவர்களுக்கும் இதைத்தான் காட்டுவேன்: யாருக்காக, யாரோடு செய்கிறீர்கள் என்று முடிவானால் எதை வெட்டுவது, எதை வைப்பது என்பதும் முடிவாகிறது.

ஆத்தூர்: எந்த சாஃப்ட்வேர் நல்லது?

ஓமலூருக்குச் சொன்னதுதான்.

மல்லூர்: விலை கூடின மைக் வாங்கினால் எனக்கென்று ஒரு சவுண்டு வருமா?

வராது. இருபது உருப்படி முடித்துவிட்டுக் கேளுங்கள்.

நாகலூர், ஏற்காடு: எஸ்டேட் கம்பி வேலி காற்றில் பாடுகிறது. எப்படிப் பதிவது?

நொடிக்கு 5 மீட்டர் காற்றில் 2 மி.மீ. கம்பியைச் சுற்றி எழும் சுழல்கள் 500 ஹெர்ட்ஸ் அளவில் அதிரும்; கம்பி தடித்தால் இறங்கும். கம்பி கல்தூணைத் தொடும் இடத்துக்கு அருகே பீசோவைக் கிளிப்பில் பிடியுங்கள். மின்வேலி அல்ல என்று உறுதி செய்த பிறகே தொடுங்கள். குளிர்ந்த கருவியோடு சேலத்துக்கு இறங்கினால் உள்ளே ஈரம் படியும். அரை மணி நேரம் பையைத் திறக்க வேண்டாம், உள்ளே சிலிக்கா ஜெல் போடுங்கள்.

மேட்டூர்: ஹெட்ஃபோனில் வேலை செய்த பிறகு இரண்டு நாளாக ஒரு காதில் ரீங்காரம், கொஞ்சம் அடைப்பு. எந்த ஃபில்டர் போட்டால் சரியாகக் கேட்கும்?

ஃபில்டர் வேண்டாம். இன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீர்ச் செவித்திறன் இழப்பாக இருந்தால் ஒவ்வொரு நாளும் முக்கியம். அதுவரை ஹெட்ஃபோனைத் தொடாதீர்கள்.