கலப்பினம், இழைய வளர்ப்பு, மரபணு மாற்றம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வாழைப்பழத்தில் இருந்து டீ.என்.ஏ. எடுக்கப் பார்த்தோம். நுரை மட்டுந்தான் வந்தது. (கோண்டாவில்)

பதில்: அடித்துக் கலக்கியிருப்பீர்கள். ஒரு கதலிப்பழத்தை மசித்து, 100 மி.லீ. தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். 10 நிமிடம் விட்டு, துணியில் வடியுங்கள். சாற்றைப்போல் இரண்டு மடங்கு 95 சதவீத ஸ்பிரிட்டை ஃபிரீசரில் குளிரவைத்து, கிளாஸ் ஓரமாக வழிய விடுங்கள். வெள்ளை நூல்போல் மேலே திரளும். பாமசியில் வாங்கும் 70 சதவீத ஸ்பிரிட்டில் சரியாகத் திரளாது.

கேள்வி: றெட் லேடி பப்பாசி மரபணு மாற்றின இனம் எண்டு சொல்லுகினம். பிள்ளைகளுக்குக் குடுக்கலாமோ? (சுன்னாகம்)

பதில்: தாராளமாகக் கொடுங்கள். இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். றெட் லேடி தாய்வானில் இருந்து வந்த எஃப்-1, அதாவது முதல் தலைமுறைக் கலப்பினம். இரண்டு பெற்றோர் வரிசைகளை மகரந்தச் சேர்க்கையால் கலந்து எடுத்தது. வேறோர் உயிரின் பரம்பரையலகை (மரபணுவை) யாரும் அதற்குள் செலுத்தவில்லை.

மரபணு மாற்றிய பப்பாசி உலகத்தில் இல்லாமல் இல்லை. வளையப்புள்ளி வைரசு ஹவாய்த் தோட்டங்களை அழித்தபோது, அந்த வைரசின் உறைப் புரதத்துக்குரிய பரம்பரையலகையே செடிக்குள் செலுத்தி ஒரு தடுப்பை உருவாக்கினார்கள். அப்படி வந்த சன்அப், ரெயின்போ இனங்கள் 1998இல் விவசாயிகள் கைக்குக் கிடைத்தன. றெட் லேடி அந்த வகை அல்ல. விதையில்லா வத்தகப்பழமும் அந்த வகை அல்ல. அதற்கு நிறமூர்த்தத் தொகுதி மூன்று இருப்பதால் விதை முற்றுவதில்லை, அவ்வளவுதான். இழைய வளர்ப்பு வாழைக்கன்று, தாய் மரத்தின் சிறு துண்டைப் போத்தலில் வளர்த்து எடுத்த பிரதி. ஒட்டு மாங்கன்றைக்கூட இந்தக் கணக்கில் சேர்த்துக் கேட்கிறார்கள்! கடையில் கேட்ட பேச்சை விட்டு, பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதை வாசியுங்கள்.

றெட் லேடியில் உண்மையான சிக்கல் வேறு. பழத்தில் எடுத்த விதையைப் போட்டால் தாயைப்போல் கன்று வராது. இருபால் மரம் தன் மகரந்தத்தாலேயே காய்த்த விதையென்றால் மூன்றில் ஒன்று பெண் மரமாகும். அயலில் ஆண் மரம் நின்றால் ஆண் கன்றும் வரும். சொந்த விதைதான் போடுவோம் என்றால் குழிக்கு மூன்று கன்று வையுங்கள். பூத்த பிறகு இருபால் மரம் ஒன்றை விட்டு மற்றவற்றை வெட்டுங்கள். சந்தைக்குப் போடுபவர்கள் ஒவ்வொரு முறையும் புதுப் பொட்டலம் வாங்குவதே கணக்குக்குச் சரி.

கேள்வி: தெரிஞ்ச ஒருவர் இந்தியாவிலை இருந்து பீ.ரீ. கத்தரி விதை கொண்டு வாறார். போடலாமோ? (அச்சுவேலி)

பதில்: வேண்டாம். பீ.ரீ. கத்தரி என்பது ஒரு மண் பற்றீரியாவின் பரம்பரையலகைச் செலுத்திய கத்தரி. இந்தியாவே 2010இல் அதை நிறுத்தி வைத்தது. பங்களாதேஷில் 2014 முதல் பயிரிடுகிறார்கள். ஆகவே உங்களுக்கு வருவது கள்ள விதை, இல்லாவிட்டால் அந்தப் பெயரில் விற்கும் சாதாரண விதை. அனுமதியில்லாமல் விதை கொண்டுவருவதே குற்றம். உண்மையான பீ.ரீ. கத்தரி என்றாலும் அது தண்டு, காய் துளைக்கும் புழுவை மட்டுமே தடுக்கும். வெண் ஈ, சிற்றுண்ணி, பற்றீரியா வாடல் எல்லாம் வழமைபோல் வரும். பொட்டலம் இல்லாத விதையைத் தோட்டத்துக்குள் விடவேண்டாம்.

கேள்வி: வீட்டில் வாழை இழைய வளர்ப்புச் செய்கிறோம். எல்லாப் போத்தலும் பழுதாகிறது. ஏன்? (நீர்வேலி)

பதில்: எப்படிப் பழுதானது என்று எழுதாமல் "ஏன்" என்று கேட்டால் என்ன சொல்வது? வளர்ப்பூடகத்தின் மேல் அங்கங்கே பஞ்சு பிடித்தால் காற்றிலோ மூடியிலோ பூஞ்சணம். துண்டின் அடியில் இருந்து பால்போல் மங்கல் பரவினால் கிழங்குக்குள்ளேயே இருந்த பற்றீரியா. துண்டை இன்னும் சிறிதாக வெட்டுங்கள். ஊடகம் கறுத்தால் வெட்டுக்காயத்தில் கசியும் பீனோல்தான். பிரஷர் குக்கரில் விசில் எண்ணவேண்டாம். ஆவி முழு அழுத்தத்துக்கு வந்த பிறகு 20 நிமிடம். ஊடகத்தின் அமில அளவு 5.8 பீ.எச். ஆக இருப்பதை, அதை உறையவைக்கும் ஏகார் போட முன்னர் பாருங்கள். ஊடகம் மட்டும் உள்ள போத்தல்களை ஐந்து நாள் சும்மா வைத்து, தெளிவாக நின்றவற்றையே எடுங்கள். வெட்டும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். பழுதான போத்தலைத் திறக்க முன்னர் குக்கரில் அவித்துவிடுங்கள்.

கேள்வி: பற்றீரியாவுக்கு ஒளிரும் மரபணு ஏற்றினோம். கிண்ணம் முழுக்க வளர்ந்தது, ஒளிரவில்லை. வீட்டுப் பிரிட்ஜில் வைத்திருக்கிறோம். (உயர்தர மாணவர், நெல்லியடி)

பதில்: முதலில் பிரிட்ஜில் இருந்து எடுங்கள், இன்றைக்கே. நீங்கள் ஏற்றிய பிளாஸ்மிட்டில், அதாவது சிறு டீ.என்.ஏ. வளையத்தில், ஒளிரும் புரதத்துக்குரிய பரம்பரையலகோடு, பற்றீரியாவைக் கொல்லும் அம்பிசிலின் மருந்தை முறியடிக்கும் பரம்பரையலகும் இருக்கிறது. அது கறிச்சட்டிக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கிண்ணங்களை 30 நிமிடம் ஊறவிட்ட பிறகே கழுவுங்கள். கிணற்றடியில் கொட்டவேண்டாம்.

இனி, பிழை எங்கே? பிளாஸ்மிட்டு ஏற்றாத பற்றீரியாவை அம்பிசிலின் கிண்ணத்தில் போட்டுப் பார்த்தீர்களா? கடிதத்தில் இல்லை. அதுவும் வளர்ந்திருந்தால் அம்பிசிலின் செத்துவிட்டது: ஏகார் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது சேர்த்திருப்பீர்கள். கையால் பிடிக்கும் சூட்டுக்கு, ஏறத்தாழ 50 பாகைக்கு, ஆறிய பிறகு சேர்க்கவேண்டும். பெரிய பொட்டைச் சுற்றிக் குறுணி குறுணியாக முளைத்திருந்தால் 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்துவிட்டீர்கள். பெரியது அம்பிசிலினை உடைத்த இடத்தில் மற்றவை பிழைத்துக்கொள்கின்றன. பிளாஸ்மிட்டை உள்ளே விடும் சூட்டு அதிர்ச்சி 42 பாகையில் 50 செக்கன், உடனே ஐஸ். தனித்தனிப் பொட்டுகள் வந்தும் ஒளிராவிட்டால், ஒளிரும் பரம்பரையலகை இயக்கிவிடும் அரபினோஸ் சீனியைப் போட மறந்திருப்பீர்கள். அடுத்த முறை பாடசாலை ஆய்வுகூடத்தில், ஆசிரியரோடு செய்யுங்கள்.

கேள்வி: தங்கச்சிக்குத் தலசீமியா. இணையத்தில் கிறிஸ்பர் கிற் விற்கிறார்கள். உதவுமா? (சாவகச்சேரி)

பதில்: உதவாது. தயவுசெய்து எதையும் ஊசியால் ஏற்றிவிடவேண்டாம். கிறிஸ்பர் என்பது பரம்பரையலகை வெட்டித் திருத்தும் முறை. அந்தக் கிற்றில் இருப்பவை பற்றீரியாவில் பரிசோதனை செய்வதற்கான பொருட்கள். இப்படிச் சுயமாக ஏற்றிக்கொள்ளும் கிற்களை விற்பது சட்டவிரோதம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ. 2017இலேயே எச்சரித்தது. கிறிஸ்பர் சிகிச்சை இருப்பது உண்மை: காஸ்கெவி என்ற அந்தச் சிகிச்சையைப் பிரித்தானியா 2023 நவம்பரில் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அனுமதித்தது. நோயாளியின் குருதித் தண்டுக்கலங்களை வெளியே எடுத்துத் திருத்தி, பழைய என்பு மச்சையைக் கடும் மருந்தால் அழித்த பிறகு திரும்ப ஏற்றுகிறார்கள். அமெரிக்காவில் விலை ஏறத்தாழ 22 இலட்சம் டொலர். இப்போதைக்குக் குருதி ஏற்றலும் இரும்பை வெளியேற்றும் மருந்தும் ஒரு நாளும் தவறக்கூடாது. சகோதரங்களின் என்பு மச்சை பொருந்துமா என்று பரிசோதிக்க முடியுமா என அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் கேளுங்கள். நீங்களும் கூடப் போங்கள்.