பட்டறைக் கேள்விகள்: மரம் கருகினால் மோட்டாரைத் திட்டாதீர்கள்

கேள்வி: பத்து அங்குல டேபிள் சா (மேசையின் நடுவே வட்ட பிளேடு எழுந்து நிற்கும் மர அறுவை இயந்திரம்) வைத்திருக்கிறேன். கடின மரப் பலகையை நெடுக்காக அறுத்தால் அறுத்த முகம் கருகிவிடுகிறது. பாதி வழியில் மரம் பிளேடில் சிக்கி மோட்டார் முனகுகிறது. புது பிளேடு மாட்டியும் அப்படியேதான் இருக்கிறது. மோட்டாரில் சக்தி குறைந்துவிட்டதா?

பதில்: மாட்டிய புது பிளேடில் எத்தனை பல்? 60, 80 என்றால் அது குறுக்கே அறுப்பதற்கு. கனமான பலகையை அதை வைத்து நெடுக்காக அறுத்தால் பற்களுக்கு நடுவே தூள் அடைத்துக்கொண்டு கருகத்தான் செய்யும். நெடுக்கறுப்புக்கு 24 பல் போதும். சரி, அதுவும் 24 பல்தான் என்றால் மோட்டாரை விட்டுவிடுங்கள். பிளேடு ஒரு பக்கம் பார்க்கிறது, மரம் வேறு பக்கம் போகிறது.

மேசையில் மைட்டர் கேஜ் (மரத்தை வேண்டிய கோணத்தில் பிடித்துத் தள்ளும் தாங்கி) ஓடும் பள்ளம் இருக்கிறதே, மற்ற எல்லாவற்றுக்கும் அளவு அங்கிருந்துதான். முதலில் பிளேடு பள்ளத்துக்கு இணையாக இருக்க வேண்டும், பிறகு ஃபென்ஸ், அதாவது மரத்தை ஒட்டித் தள்ளும் நீளமான பக்கச் சட்டம். பலர் ஃபென்ஸை பிளேடைப் பார்த்துச் சரிசெய்துவிட்டு, பிளேடே கோணலாக நிற்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு நுண்ணிய அளவு காட்டும் டயல் கேஜ் எல்லாம் தேவையில்லை. முதல் வேலையாக மின்பிளக்கைப் பிடுங்கிக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். சுவிட்சை அணைத்தேன் என்பது போதாது. பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். ஒரு மரத்துண்டை மைட்டர் கேஜில் கிளாம்ப் போட்டு, அதன் முனையில் ஒரு ஸ்க்ரூவைப் பாதி இறக்குங்கள். முன்பக்கத்துப் பல் ஒன்றில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். பள்ளத்தின் பக்கமாகக் கூர்முனை இருக்கும் பல்லாகப் பாருங்கள். ஸ்க்ரூவின் தலை அந்தப் பல்லை உரசியும் உரசாமலும் நிற்கும்வரை திருகுங்கள். பிளேடைக் கையால் முன்னும் பின்னும் லேசாக ஆட்டினால் 'சிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும்.

இப்போது அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுவந்து, மைட்டர் கேஜையும் பின்னுக்குத் தள்ளுங்கள். அதே பல் என்பது முக்கியம். வேறு பல்லில் அளந்தால் பிளேடில் இருக்கும் நெளிவும் கணக்கில் சேர்ந்து உங்களை ஏமாற்றிவிடும். பின்னாலும் அதே 'சிக்' கேட்டால் நல்லது. சத்தமே இல்லாமல் இடைவெளி தெரிந்தால் ஒரு எழுதுதாளை நுழைத்துப் பாருங்கள். சாதாரணத் தாளின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். ஒரு தாள் இறுக்கமாகப் போகிறது என்றால் விட்டுவிடலாம். இரண்டு மூன்று தாள் தாராளமாகப் போனால் கருகலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. மாறாக, ஸ்க்ரூ பின்பல்லில் முட்டிக்கொண்டு நகரவில்லை என்றால் கோணல் எதிர்ப்பக்கம். பின்னால் தொடங்கி முன்னுக்கு வந்து அளந்துகொள்ளுங்கள்.

சரிசெய்வது உங்கள் இயந்திரத்தின் வகையைப் பொறுத்தது. அடியில் மூடிய இரும்புப் பெட்டி உள்ள கனமான வகையில், மேசையைப் பெட்டியோடு பிடித்திருக்கும் நான்கு போல்டில் மூன்றைத் தளர்த்தி, மேசையின் விளிம்பை மரச்சுத்தியலால் தட்டி நகர்த்தலாம். மோட்டாரும் பிளேடும் மேசையின் அடியில் தொங்கும் வகை என்றால், அந்தத் தொங்கும் பிராக்கெட்டின் போல்டுகளைத் தளர்த்தித் தட்ட வேண்டும். தட்டுவது என்றால் தட்டுவதுதான், அடிப்பது அல்ல. ஒரு போல்டை இறுக்குவது, அளப்பது, அடுத்ததை இறுக்குவது, மறுபடி அளப்பது என்று போங்கள். இறுக்கும்போதே நகர்ந்துவிடும் குணம் இந்த போல்டுகளுக்கு உண்டு. ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிவிடுங்கள்.

அப்புறம் ஃபென்ஸ். அதைப் பள்ளத்தின் விளிம்போடு ஒட்டிப் பூட்டி, முன்னும் பின்னும் விரலால் தடவிப் பாருங்கள். இணையாக இருக்கலாம், பின்பக்கம் ஒரு தாள் கனத்துக்கு விலகியும் இருக்கலாம். பின்பக்கம் பிளேடை நோக்கி நெருங்கி மட்டும் இருக்கவே கூடாது. ஃபென்ஸ் பக்கத்துத் துண்டு கருகினால் அது நெருங்குகிறது என்று அர்த்தம். வெட்டி விழும் துண்டு கருகினால் அளவுக்கு மீறி விலகியிருக்கிறது.

இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் என் வயிறு. தொழில் கற்ற காலத்தில் ஃபென்ஸ் நெருங்கியிருந்த ஒரு இயந்திரத்தில் குறுகலான ரீப்பர் அறுத்துக்கொண்டிருந்தேன். பின்பற்கள் மேல்நோக்கி எழும் பற்கள். சிக்கிய மரத்தைத் தூக்கி நம் பக்கமே எறிந்துவிடும். பத்து அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால் பல்லின் முனை மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த ரீப்பர் என் தொப்புளுக்குப் பக்கத்தில் வந்து குத்திய இடம் இரண்டு வாரம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அன்றிலிருந்து பிளேடுக்கு நேர் எதிரே நிற்பதில்லை, ஓரடி இடப்பக்கம் தள்ளித்தான் நிற்பேன்.

கேள்வி: பிளேடை ஏற்றி இறக்கும் கைச்சக்கரம் மிகவும் இறுகிவிட்டது. நிறைய கிரீஸ் வைத்தேன். ஒரு வாரம் நன்றாகச் சுற்றியது, இப்போது முன்பைவிட மோசம். என்ன செய்ய?

பதில்: கிரீஸ் வைத்ததுதான் தப்பு. கோபித்துக்கொள்ளாதீர்கள், எல்லோரும் ஒருமுறை செய்வதுதான். கிரீஸும் மரத்தூளும் சேர்ந்தால் களி மாதிரி ஆகிவிடும், அது பல்சக்கரத்தின் இடுக்கில் போய் உறைந்துகொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய டூத்பிரஷ்ஷில் கொஞ்சம் டர்பென்டைன் தொட்டு ஒவ்வொரு பல்லாகத் தேயுங்கள். மூலையில் இறுகியதைக் கூரான மரக்குச்சியால் கிளறுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மெழுகுக் கட்டியைப் பல்சக்கரத்தில் தேய்த்து, சக்கரத்தை இரண்டு தடவை முழுக்க மேலும் கீழும் ஓட்டுங்கள். மெழுகில் தூள் ஒட்டாது. துணியை வெளியில் விரித்துக் காயப்போடுங்கள், சுருட்டி மூலையில் எறியாதீர்கள்.

கீழே குனிந்திருக்கும்போதே பெல்ட்டையும் பாருங்கள். ஓரம் பிசிறியிருக்கிறதா, மோட்டார் புல்லியும் பிளேடு புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா?

கேள்வி: வார்ப்பிரும்பு மேசையில் டம்ளர் வைத்த இடத்தில் வட்டமாகத் துரு. பெயின்ட் அடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, அடித்தால் மரம் வழுக்காது. நைலான் ஸ்க்ரப்பரில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மேசையின் நீளவாக்கில் தேயுங்கள். துரு போன பின் எண்ணெயை ஒட்டத் துடைத்துவிட்டு மரச்சாமான் மெழுகைப் பூசி, காய்ந்ததும் துணியால் மெருகேற்றுங்கள். டப்பாவில் சிலிக்கான் என்று போட்டிருந்தால் தொடாதீர்கள். அது மரத்தில் ஒட்டிக்கொண்டால் பின்னால் பாலிஷ் பிடிக்காது, மீன்கண் போலக் குழி விழும். இனி டம்ளரை வேறு எங்காவது வையுங்கள்.

கேள்வி: பிளேடில் கறுப்பாகப் பிசின் பிடித்திருக்கிறது. உளியால் சுரண்டலாமா? கார்பைடு பல் என்றால் இரும்பைவிடக் கடினம்தானே?

பதில்: கடினம்தான், ஆனால் கண்ணாடி மாதிரி. உளி சற்று வழுக்கிப் பல்லில் பட்டால் மூலை தெறித்துவிடும். வெதுவெதுப்பான நீரில் துணிப் பவுடர் கரைத்துக் கால்மணி நேரம் போட்டுவையுங்கள், அப்புறம் நைலான் பிரஷ் போதும். உடனே துடைத்துக் காயவைக்க வேண்டும். மாட்டும்போது பிளேடின் இருபக்கத்து வாஷர்களையும் துடையுங்கள். அங்கே ஒரு துளி தூள் மாட்டிக்கொண்டாலும் பிளேடு தள்ளாடும்.

மந்தமாகிவிட்ட பிளேடு என்று பலர் என்னிடம் கொண்டுவருவதில் பாதி, வெறும் அழுக்குப் பிளேடுதான்.

கேள்வி: பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடு (ரைவிங் நைஃப்) இடைஞ்சலாக இருந்ததால் கழற்றிவிட்டேன். அது இல்லாமல் வேகமாக வேலை நடக்கிறது. கட்டாயம் வேண்டுமா?

பதில்: வேண்டும். அறுத்த வாய் மூடிக்கொண்டு பின்பற்களைக் கவ்வாமல் பார்த்துக்கொள்வது அந்தத் தகடுதான். மேலே எழுதிய என் வயிற்றுக் கதையில் அது இயந்திரத்தில் இல்லை, பட்டறை அலமாரியின் மேல் தூசி படிந்து கிடந்தது. உங்களுடையது எங்கே கிடக்கிறது என்று இன்றைக்கே தேடுங்கள். பிளேடுக்கு நேராக நிற்கிறதா என்று ஒரு ஸ்கேலை ஒட்டிப் பார்த்து மாட்டுங்கள்.