யசாவா தீவுல ஒரு நாள் - கடிதம்

வணக்கம் அண்ணா,

ஆக்லாந்துல வேலை பாக்கறேன். வர்ற ஜூன்ல நண்பர் ஒருத்தரோட பாய்மரப் படகுல ஃபிஜி போறோம், யசாவா தீவுகள்ல கொஞ்ச நாள் சுத்தறதா பிளான். ஒரு நாள் முழுக்க நங்கூரம் போட்டுட்டு கரையில சும்மா இருக்கணும்னு ஆசை. ஆனா இறங்கற ஊர்லல்லாம் தலைவருக்கு ஏதோ வேர் குடுக்கணும்கறாங்க. டூரிஸ்ட்கிட்ட வாங்கற டிக்கெட் மாதிரியா இது? ஆளில்லாத பீச்சா பாத்து இறங்கிட்டா என்ன?

- கே.

அன்புள்ள கே.,

டிக்கெட் இல்ல தம்பி. அப்புறம் ஆள் கண்ணுல படலங்கறதுக்காக அது யாருக்கும் சொந்தமில்லாத இடம்னு ஆயிடாது. ஃபிஜில கிட்டத்தட்ட 87 சதவீத நிலம் பூர்வகுடி குலங்களோட பொதுச் சொத்து, தனியாருக்கு விக்கவே முடியாது. கரைக்கு முன்னாடி இருக்கற பவளத்திட்டுல மீன்பிடி உரிமையும் அந்த ஊருக்குத்தான். நீங்க பாக்கற அந்தக் காலி பீச்சும் ஏதோ ஒரு ஊரோடதுதான்.

அந்த வேர் யங்கோனா, வெளிய காவான்னு சொல்வாங்க, நம்ம வெத்தலை, மிளகு குடும்பத்துச் செடி. நாம வெத்தலை பாக்கு வெச்சு ஒரு காரியம் பேசற மாதிரி அவங்க இதை வெச்சுப் பேசறாங்க, அந்தச் சடங்குக்கு செவுசெவுன்னு பேரு. ஃபிஜியோட பெரிய தீவுல இருக்கற நாண்டி, லௌட்டோகா ஊர் மார்க்கெட்ல பேப்பர்ல சுத்திக் கட்டி வெச்சிருப்பாங்க. அரை கிலோ கட்டு போதும், பொடி வேண்டாம், வேராவே வாங்குங்க, ஊருக்கு ஒரு கட்டுன்னு கணக்கு வெச்சுக்கங்க. நாண்டில மெயின் ரோடு முடியற இடத்துல சிவசுப்ரமணியர் கோயில் இருக்கு, கரும்புத் தோட்டத்துக்கு 1903லேர்ந்து மெட்ராஸ் துறைமுகம் வழியா கப்பல்ல வந்த நம்ம ஆளுங்களோட பேரப்பிள்ளைங்க கும்பிடற கோயில், மார்க்கெட் போற அன்னிக்கே அவசியம் பாத்துட்டு வாங்க.

ஊருக்குள்ள நுழையும்போது தொப்பி, கூலிங்கிளாஸ் கழட்டிடணும், தோள்ல பை மாட்டாம கைல புடிச்சுக்கணும், இடுப்புல சுலு, அது நம்ம லுங்கி மாதிரிதான், பொம்பளைங்க தோளும் முட்டியும் மூடியிருக்கணும். முதல்ல கண்ணுல படறவங்ககிட்ட ஊர்த் தலைவர் வீடு எங்கன்னு கேட்டா கூட்டிட்டுப் போவாங்க. பாய்ல சம்மணம் போட்டு உக்காந்து அந்த வேரை அவர் முன்னாடி தரையில வைங்க. அவர் அதை எடுத்து தாழ்ந்த குரல்ல ஏதோ சொல்லிக் கைதட்டுவார். அதோட நீங்க அந்த ஊர் விருந்தாளி, உங்களைப் பத்திரமா பாத்துக்கறது அவங்க பொறுப்பு. எந்த டிக்கெட்டுல இது கிடைக்கும் சொல்லுங்க? (யசாவால சவா-இ-லௌன்னு ஒரு குகை இருக்கு, அதைப் பாக்கப் பணம் வாங்குவாங்க, அது தனி.) காவா வேரை இடிச்சுத் தண்ணில கலக்கிக் குடுத்தா ஒரு தடவை கைதட்டி, கொட்டாங்கச்சியை வாங்கி ஒரே மூச்சுல குடிச்சுட்டு மூணு தடவை தட்டணும். மண் வாசனை அடிக்கும், நாக்கு மரத்துப்போகும், பயப்படாதீங்க.

அதுக்கப்புறம் தயவுசெஞ்சு எந்த பிளானும் வெச்சுக்காதீங்க. தாழம்பாய் முடையற அம்மாக்கள் பக்கத்துல போய் உக்காருங்க, பசங்க ரக்பி ஆடினா கூட ஓடுங்க, மரவள்ளியும் தேங்காப்பால்ல ஊறின மீனும் குடுத்தா சாப்பிடுங்க, மத்தியானம் மாமர நெழல்ல எல்லாரும் படுத்துக் கெடப்பாங்க, நீங்களும் படுங்க. எனக்கு அந்தத் தீவுகள்ல ரொம்பப் புடிச்சது அந்த மத்தியானம்தான், நீச்சலும் ஸ்நார்க்கலும் எல்லாம் அதுக்கப்புறம்தான். ஞாயித்துக்கிழமையா இருந்தா சர்ச்சுக்குக் கூப்பிடுவாங்க, கண்டிப்பா போங்க, நாலு குரல்ல பிரிச்சுப் பாடறதைக் கேக்கவாவது போகணும், அன்னிக்கு ஊர் முன்னாடி குளிக்கறது மீன் பிடிக்கறதெல்லாம் வேண்டாம்.

படகு விஷயம் ஒண்ணு. ஜூன் மாசத்துல காத்து தென்கிழக்குலேர்ந்து வரும், அதனால தீவோட மேற்குப் பக்கம்தான் நங்கூரம். வெயில் தலைக்கு மேல இருக்கும்போது உள்ள வாங்க, சாயங்கால வெயில் கண்ணுல அடிச்சா தண்ணிக்கடியில இருக்கற பவளம் தெரியாது. குட்டிப் படகுல கரைக்குப் போறதுக்கு முன்னாடி ஓதம் எப்ப வத்தும்னு பாத்துக்கங்க, ஏறின தண்ணில ஜாலியா போய் இறங்கிட்டு, திரும்பறப்ப பவளத்திட்டு வெளிய தெரிய, படகைத் தூக்கிட்டு அது மேல மிதிச்சு நடக்க வேண்டி வரும், காலும் கிழியும் பவளமும் நொறுங்கும்.

பசங்களுக்கு மிட்டாய் வாங்கிட்டுப் போகாதீங்க. நோட்டு, பென்சில் வாங்கி ஸ்கூல் டீச்சர் கைல குடுத்துடுங்க.