எண்ணூர், பழவேற்காடு: நீர்ப்பறவைப் படம் எடுப்பவர்களுக்குக் கேள்வி பதில்

கொருக்குப்பேட்டை மாணவர்: அக்கா, கொக்கை எடுத்தால் இறகே தெரியாமல் வெளுத்துப்போகிறது. பூநாரைக் கூட்டத்தை எடுத்தால் மங்கலாக, இருட்டாக வருகிறது. கேமரா பழுதா?

பழுது இல்லை தம்பி. எதிரில் எது இருந்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதித்தான் கேமரா ஒளியை அளக்கிறது. எண்ணூர்க் கருஞ்சேற்றில் ஒற்றைக் கொக்கு நின்றால், சேற்றின் இருட்டைப் பார்த்து ஒளியைக் கூட்டிவிடும், கொக்கு வெளுத்துவிடும். அங்கே எக்ஸ்போஷரை (படத்தில் விழும் ஒளியை) ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறையுங்கள். பளபளக்கும் தண்ணீரில் பூநாரைகள் நிறைந்திருந்தால் நேர்மாறு: கேமரா பயந்து ஒளியைக் குறைக்கும், நீங்கள் அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்ட வேண்டும். ஹைலைட் எச்சரிக்கையை (அதிகம் வெளுத்த இடத்தைத் திரையில் மினுக்கிக் காட்டும் வசதி) எப்போதும் போட்டு வையுங்கள். திரையில் கொக்கின் முதுகு மினுக்கினால் இன்னும் குறைக்க வேண்டும் என்று பொருள்.

மணலி வாசகர்: 600 எம்எம் லென்ஸை வாடகைக்கு எடுத்துப் பழவேற்காடு போனேன். பத்து மணிக்கு மேல் எடுத்த படம் ஒன்றுகூட ஷார்ப்பாக இல்லை. ஷட்டர் 1/2000 வைத்திருந்தேன்.

ஷட்டர் சரிதான். உங்களை ஏமாற்றியது கானல். வெயில் ஏறியதும் சேற்றுத் திட்டிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் எழும் வெப்பக்காற்று நெளிகிறது. லென்ஸுக்கும் பறவைக்கும் நடுவே அந்தக் காற்று எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு படம் கெடும். பெரிய லென்ஸ் போட்டால் நெளிவும் சேர்ந்து பெரிதாகத்தான் தெரியும். விடிந்த முதல் இரண்டு மணி நேரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, காலையில் ஊர்ப்பக்கக் கரையில் நின்றால் ஏரி கிழக்கே இருக்கும், சூரியன் முகத்தில் அடிக்கும். பாலம் தாண்டி கலங்கரை விளக்கப் பக்கம் போய் மேற்கே பார்த்து எடுங்கள். தரையில் உட்கார்ந்து எடுங்கள், பறவையின் கண் மட்டத்துக்கு வந்தாலே படம் மாறிவிடும்.

வியாசர்பாடி வாசகர்: புதிதாகத் தொடங்குகிறேன். எந்த கேமரா வாங்கலாம்?

கையில் இருப்பதே போதும். ரெட்டேரிக் கரையில் தாழைக்கோழியும் நாமக்கோழியும் மனிதர்களுக்குப் பழகியவை, அங்கிருந்து தொடங்குங்கள்.

திருவொற்றியூர் வாசகர்: பூநாரைகள் மொத்தமாகப் பறக்கும்போதுதான் இறக்கைக்குள் இருக்கும் சிவப்பு தெரிகிறது. அவை தானாகப் பறக்க மணிக்கணக்கில் காத்திருக்க முடியவில்லை. படகை லேசாக அவற்றின் பக்கம் விட்டால், ஒரு தடவை கை தட்டினால் தப்பா? மீன்பிடிப் படகுகள் நாள் முழுக்கப் போய்வருகின்றனவே?

தப்பு. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் கேட்கத் தயங்கி, செய்துகொண்டிருக்கும் காரியம் இது.

மீன்பிடிப் படகு தன் வழியில் போகிறது. பறவைக்கு அந்தத் தடம் தெரியும், பக்கத்தில் கடந்தாலும் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேயும். படம் எடுக்கும் படகு அதன் முகத்தை நோக்கி நேராக வருகிறது. வேட்டையாடும் எதுவும் அப்படித்தான் வரும், பறவை அதைத்தான் பார்க்கிறது. பூநாரை நின்ற இடத்திலிருந்து சட்டென்று எழும்ப முடியாத உடம்பு; தண்ணீரில் ஓடி ஓடித்தான் மேலே ஏறும். அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்று நீரைச் சலித்துச் சேர்த்த தீனியின் பலன் அந்த ஓட்டத்தில் போகிறது. கூடவே நிற்கும் சின்ன உள்ளான்கள் இன்னும் பாவம். மார்ச், ஏப்ரலில் அவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே போகக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கும். ஒருநாள் காலையில் நாலு படகு எழுப்பினால் அன்றைய மேய்ச்சலில் பெரும்பகுதி போயிற்று.

அதே வாசகர்: ஒரு தடவைதானே அக்கா?

உங்களுக்கு ஒரு தடவை. ஞாயிற்றுக்கிழமை வரும் ஒவ்வொருவருக்கும் அது ஒரு தடவைதான். பறவைக்கு எத்தனையாவது தடவை?

பழவேற்காட்டிலிருந்து ஒருவர்: நான் படகு ஓட்டும் குடும்பம். கிட்டே போகச் சொல்லி நீங்கள்தான் கூடுதல் காசு கொடுக்கிறீர்கள். மாட்டேன் என்றால் அடுத்த படகுக்குப் போய்விடுகிறீர்கள். வலை கட்டியிருக்கும் இடத்தில் குறுக்கே விடச் சொல்கிறவர்களும் உண்டு.

அண்ணே, நீங்கள் சொன்னதற்கு மேல் நான் சேர்க்க எதுவும் இல்லை. படம் எடுக்க வருகிறவர்களே, படகு ஏறும் முன்னாலேயே "பறவை தலை நிமிர்ந்தால் நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லுங்கள், பேசிய காசை முழுசாகக் கொடுங்கள். மேயும் பறவை தலையைத் தூக்கி அப்படியே நின்றால் உங்கள் எல்லை அதுதான். இரண்டடி நடந்து விலகினால் எல்லை தாண்டிவிட்டீர்கள்.

பறக்கும் படம் வேண்டுமா? ஓதத்தைப் பாருங்கள். சென்னைக் கரையில் தண்ணீர் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர்தான். ஆனால் எண்ணூர் முகத்துவாரம் மாதிரித் தட்டையான இடத்தில் அதுவே திட்டுகளை மூழ்கடிக்கும். தண்ணீர் ஏற ஏற பறவைகள் தாமாகவே எழுந்து மேடான திட்டுக்கு வரும். முன்கூட்டியே அந்தப் பக்கம் போய் அசையாமல் உட்காருங்கள். காற்றுக்கு எதிராகத்தான் இறங்கும், எழும்பும். அதனால் காற்று உங்கள் முதுகில் பட்டால் பறவை உங்களை நோக்கி வரும்.

மீஞ்சூர் வாசகி: ஆள்காட்டி எங்கள் மனை அருகே முட்டையிட்டிருக்கிறது. மொபைலில் எடுத்துப் போடலாமா?

போடாதீர்கள் அம்மா, கிட்டேயும் போகாதீர்கள். நீங்கள் நிற்கும் நேரமெல்லாம் தாய்ப்பறவை விலகி நிற்கும், வெறுந்தரையில் கிடக்கும் முட்டை வெயிலில் வேகும். காகம் உங்களைப் பார்த்தே இடத்தைக் கண்டுகொள்ளும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதையும் வேட்டை என்ற வரையறைக்குள்தான் வைத்திருக்கிறது.

எர்ணாவூர் வாசகர்: கேமரா எது நல்லது? பட்ஜெட் ஐம்பதாயிரம்.

மேலே வியாசர்பாடிக்காரருக்குச் சொன்னதுதான்.

பெரம்பூர் வாசகர்: ட்ரோன்?

வேண்டாம். பறவைக்கு அது பருந்து. அந்தக் கரை முழுக்கத் துறைமுகங்கள், அனல்மின் நிலையங்கள், வடக்கே ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம். சட்டச் சிக்கலும் சேர்ந்து வரும்.

காசிமேடு வாசகர்: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கசிந்தபோது கூழைக்கடாக்கள் கறுத்துப்போய் நின்றதைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை, படம் எடுக்காமல் வந்துவிட்டேன். எடுத்திருக்க வேண்டுமா?

எடுத்திருக்கலாம் ஐயா, தூரத்திலிருந்து. எண்ணெய் பட்ட இறகு தண்ணீரைத் தடுக்காது, உடம்புச் சூட்டைக் காக்காது. அந்த நிலையில் துரத்தினால் மிச்சம் இருக்கும் தெம்பும் போய்விடும். அதனால் பிடிக்க முயலாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். ஆனால் தேதியும் இடமும் உள்ள சாதாரணப் படம்கூடச் சான்றாக நிற்கும். எத்தனை பறவை, எந்தத் திட்டு, உடம்பில் எவ்வளவு பகுதி கறுத்தது என்று அதில் தெரிந்தால் போதும். நம் பக்கத்துக் கழிமுகத்துக்கு அழகான படங்களைவிட இந்தப் படங்கள்தான் அதிகம் தேவை. தேதியைத் திருத்தாதீர்கள், மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

புதுவண்ணாரப்பேட்டை வாசகர்: எண்ணூர்ச் சேற்றில் இறங்கிக் கிட்டே போகலாமா?

இறங்கவே கூடாது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடங்கள் மேலே கெட்டியாகத் தெரியும், கால் வைத்தால் உள்ளே இழுக்கும். கரையிலிருந்தே எடுங்கள்.

தண்டையார்பேட்டை வாசகி: கேமரா வாங்க...

மேலே பாருங்கள் தங்கச்சி. பழவேற்காட்டுக்கு வண்டி இல்லை என்றும் கேட்டிருந்தீர்கள்: பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பேருந்து. விடிவதற்குள் அங்கே இருக்க வேண்டுமானால் முந்தின நாளே போய்த் தங்குவதுதான் வழி.