மேக்கில் டாலி, விண்டோஸ் 11-இல் டாஸ் பில்லிங், லினக்ஸில் பேஜ்மேக்கர்

கேள்வி: பி.காம். முடித்த என் மகள் சி.ஏ. படிக்கிறாள். மேக்புக் ஏர்தான் வேண்டும் என்கிறாள். டாலியும் ஆடிட்டர் ஆபீசில் பயன்படுத்தும் மற்ற விண்டோஸ் மென்பொருள்களும் அதில் ஓடுமா என்று கடையில் கேட்டேன். "பேரலல்ஸ் போட்டால் எல்லாம் ஓடும் சார்" என்கிறார்கள். பழைய இன்டெல் மேக் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எதை வாங்கலாம்? (வாசகர், ஈரோடு)

பதில்: டாலி ஓடும். ஆனால் அதற்கு மேல் என்ன செலவாகும், எது மக்கர் பண்ணும் என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை.

டாலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. மேக்கில் அதை ஓட்ட வேண்டுமென்றால், மேக்குக்குள்ளேயே ஒரு முழு விண்டோஸைக் குடிவைக்க வேண்டும். பேரலல்ஸ் செய்வது அதைத்தான். அதற்கு ஆண்டுச் சந்தா உண்டு, விண்டோஸ் லைசென்ஸுக்குத் தனிக் காசு. விஎம்வேர் ஃப்யூஷன் என்ற இன்னொன்றும் இதே வேலையைச் செய்யும். 2024 நவம்பர் முதல் அது தொழில் உபயோகத்துக்கும் இலவசம். அதை நிறுவக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். விண்டோஸ் லைசென்ஸ் செலவு இதிலும் உண்டு.

இனி நெருடலான விஷயம். 2020 இறுதியில் எம்1 என்ற சொந்தச் சிப் வந்ததிலிருந்து ஆப்பிளின் சிப் வேறு ரகம். அதற்குள் ஓடுவது 'ஆர்ம்' ரக விண்டோஸ். டாலி போன்றவை இன்டெல் ரகச் சிப்புக்கு எழுதப்பட்டவை. ஆர்ம் விண்டோஸ் அவற்றை ஓடும்போதே மொழிபெயர்த்துக்கொள்ளும். சாதாரணக் கணக்கு வேலைக்கு அந்த வேகம் தாராளம். ஆனால் இந்த மொழிபெயர்ப்பு மென்பொருளுக்கு மட்டும்தான், செருகும் சாதனத்தைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவருக்குக் கிடையாது. யுஎஸ்பியில் செருகும் எதற்கும் ஆர்ம் விண்டோஸுக்கென்றே டிரைவர் இருந்தாக வேண்டும். ஆடிட்டர் ஆபீசில் இது எங்கே இடிக்கும் என்றால், பென் டிரைவ் மாதிரி இருக்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனில். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடத் தனி வியாபாரிக்கு ஓடிபி போதும். கம்பெனிகளுக்கு இந்தக் கையொப்பம் கட்டாயம். ஆகவே ஆபீசில் எந்த டோக்கன் என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். அதற்கு ஆர்ம் டிரைவரோ, நேரடியாக மேக்குக்கான டிரைவரோ இருக்கிறதா என்று டோக்கன் விற்றவரிடம் விசாரிக்கலாம். பழைய ஸ்கேனர், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான்.

எக்செல் மேக்குக்கே தனியாக உண்டு, ஆனால் அதில் பெரிய தரவுகளை அலசும் பவர் பிவட் வசதி கிடையாது. மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான அக்சஸ் மேக்குக்கு வரவே இல்லை. படிப்புக்கு மட்டும் டாலி என்றால் அதன் எஜுகேஷனல் பதிப்பு இலவசம். மாதத்தில் 1, 2, 31 தேதிகளில் மட்டுமே வவுச்சர் போட விடும். பழகிக்கொள்ள அது போதும்.

வாங்குவதென்றால் 16 ஜிபி ரேமுக்குக் குறைந்து வாங்காதீர்கள். கடையில் தள்ளுபடியில் கிடக்கும் பழைய 8 ஜிபி ஏரைக் காட்டினால் வேண்டாம் என்றுவிடுங்கள். விண்டோஸ் 11-க்கு மட்டுமே குறைந்தது 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் தேவை, மேக்புக்கில் பின்னால் ரேம் கூட்ட வழியே இல்லை. 256 ஜிபி டிஸ்க்கும் சீக்கிரம் நிரம்பிவிடும்.

பாதி விலை இன்டெல் மேக்கை மறந்துவிடுங்கள். அதில் பூட் கேம்ப் மூலம் விண்டோஸை நேராகவே போடலாம், உண்மைதான். ஆனால் ஆப்பிள் அதில் அனுமதிப்பது விண்டோஸ் 10 வரைதான். அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டது. ஆப்பிளும் மேக்ஓஎஸ் 26-தான் இன்டெல் கணினிகளுக்குக் கடைசி என்று அறிவித்துவிட்டது, அந்தப் பதிப்புகூட இன்டெல் ஏருக்குக் கிடையாது.

என்னைக் கேட்டால், ஆபீஸ் வேலை முழுக்க விண்டோஸில் என்றால் அதே காசுக்கு நல்ல விண்டோஸ் லேப்டாப்பே வாங்கலாம். மகள் மேக்தான் என்று பிடிவாதமாக நின்றால், பேரலல்ஸை 14 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். தெரிந்தவர்களின் மேக்கில் அவள் ஆபீஸ் மென்பொருளைப் போட்டு, டோக்கனையும் செருகிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். "எல்லாம் ஓடும்" என்று அப்போதும் அவர் சொன்னால், அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு தகராறு வந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கும்போது அந்தத் தாள்தான் பேசும்.

கேள்வி: எங்கள் இரும்புக் கடையில் 90-களில் ஒருவர் ஃபாக்ஸ்புரோவில் எழுதித் தந்த பில்லிங் புரோகிராம் இருக்கிறது. பழைய பாக்கிக் கணக்கெல்லாம் அதில்தான். கணினி போய்விட்டது, டிஸ்க் மட்டும் பிழைத்தது. புது விண்டோஸ் 11 கணினியில் அந்தப் புரோகிராம் திறக்க மறுக்கிறது. (வாசகர், விருதுநகர்)

பதில்: அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் புரோகிராம். விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான்; 64 பிட் விண்டோஸ் எதுவும் டாஸ் புரோகிராமை ஓட்டாது. அதே கம்பெனியின் விண்டோஸ்தானே என்று நினைத்தாலும், உங்கள் புரோகிராமுக்கு இது வேற்று ஊர்.

முதலில் அந்த ஃபோல்டரை அப்படியே இரண்டு பென் டிரைவில் நகலெடுங்கள். டிபிஎஃப் என்று முடியும் கோப்புகள்தான் உங்கள் கணக்கு. இலவசமான லிப்ரேஆபீஸ் கால்க்கில் அவை திறக்கும், அதனால் பாக்கிப் பட்டியல் எங்கும் போய்விடாது.

அப்புறம் டாஸ்பாக்ஸ். பழைய விளையாட்டுகளுக்காக உருவான இலவச மென்பொருள் இது, டாஸ் கணினி போலவே நடிக்கும். திரை வந்துவிடும், பிரிண்ட்தான் வராது. உங்கள் புரோகிராம் எல்பிடி1 என்ற பழைய போர்ட்டுக்கு நேராக அனுப்பும். புதுக் கணினியில் அந்த 25 துளைப் போர்ட்டே இருக்காது. சாதா டாஸ்பாக்ஸ் அச்சடிப்பை ஆதரிப்பதில்லை. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற வகையைப் போடுங்கள். எல்பிடி1-க்குப் போவதை அது பிடித்து, விண்டோஸ் பிரிண்டருக்கோ ஒரு கோப்புக்கோ தரும். டாட் மேட்ரிக்ஸில் வரி ஒழுங்காக விழ, செட்டிங்கில் சற்று மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இதையே நம்பிப் புதிய பில் போடச் சொல்ல மாட்டேன். ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலையில். உங்கள் புரோகிராமுக்கு அது தெரியாது. பழைய கணக்கைப் புரட்ட டாஸ்பாக்ஸ்-எக்ஸ், பில்லுக்கு ஜிஎஸ்டி தெரிந்த புது மென்பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சின்ன டிடிபி சென்டர். விண்டோஸ் 10 கணினி, 11-க்கு மாறாது. லினக்ஸும் வைனும் போட்டால் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் ஓடும் என்கிறான் தம்பி. புதுக் கணினிச் செலவைத் தவிர்க்க முடியுமா? (வாசகர், சிவகாசி)

பதில்: தம்பி சொல்வதில் விஷயம் இருக்கிறது. 1993-இல் தொடங்கிய வைன், விண்டோஸையே போடாமல், மென்பொருள் விண்டோஸிடம் கேட்பதையெல்லாம் தானே செய்து கொடுக்கும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. இப்படிப்பட்ட பழசு வைனுக்குப் பொதுவாக ஒத்துப்போகும். இணையத்தில் லைசென்ஸ் சரிபார்க்கும் புது அடோபி, கோரல் வகையறாதான் தலைவலி.

உங்களுக்கு ஆபத்து தமிழ்த் தட்டச்சில். பழைய எழுத்துருக்களை நகலெடுத்துப் போட்டால் போதும். ஆனால் விண்டோஸ் முழுவதற்குமாக உட்கார்ந்து விசையைப் பிடிக்கும் கீபோர்டு மென்பொருள் வைனுக்குள் அதே மாதிரி வேலை செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகை உண்டு, ஆனால் அது தருவது யூனிகோட் என்ற பொதுக் குறியீடு. உங்கள் பழைய எழுத்துருவின் குறியீடு வேறு, அதற்கு இது உதவாது.

இப்போதுள்ள டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, விலை குறைந்த எஸ்எஸ்டி ஒன்றில் லினக்ஸைப் போட்டுப் பாருங்கள். ஒரு பழைய பத்திரிகையைத் திறந்து, நாலு வரி தட்டி, பிரிண்ட் எடுங்கள். சரிப்படவில்லையா, பழைய டிஸ்க்கையே மாட்டி, இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு விண்டோஸ் 10-இலேயே பத்திரிகை வேலையைத் தொடருங்கள். வாடிக்கையாளர் அனுப்பும் மெயில், வாட்ஸ்அப் படங்களை வேறு கணினியிலோ போனிலோ வாங்கிக்கொள்ளலாம்.